பச்சை இல்லாத செடிக்குப் படியளப்பது யார்?

இரண்டு இதழ்களுக்கு முன்னால், தொட்டிச் செடிகளின் இலை வெளுத்துப் போவதைப் பற்றி எழுதியிருந்தேன். நமக்கு ரத்தசோகை வருகிற மாதிரி செடிக்கும் ஒரு சோகை உண்டு, பச்சையம் குறைந்தால் செடி துவண்டு போகும் என்று சொல்லியிருந்தேன். அதைப் படித்த வாசகி ஒருவர் என்னை நன்றாக மடக்கிவிட்டார். "என் மகளின் தாவரவியல் புத்தகத்தில் மானோட்ரோபா என்று ஒரு செடி வருகிறது. அதற்கு இலையும் இல்லையாம், பச்சையும் இல்லையாம். 'மட்குண்ணி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். 'பச்சையே இல்லாம அது எப்படிம்மா உயிரோட இருக்கு?' என்று துளைக்கிறாள். என்ன பதில் சொல்ல?" என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

கேட்டாளே ஒரு கேள்வி! பெரிய பெரிய விஞ்ஞானிகளே நூறு வருஷத்துக்கும் மேல் மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம் இது. நம் பாஷையிலேயே பேசிப் பார்ப்போம், வாருங்கள்.

செடிக்கு இலைதான் அடுப்பங்கரை. வெயில்தான் விறகு. வேர் உறிஞ்சித் தரும் தண்ணீரையும், காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவையும் வைத்துக்கொண்டு இலை சர்க்கரை தயாரிக்கிறது. அந்தச் சமையலைச் செய்கிற கைதான் பச்சையம். ஆக, பச்சையம் இல்லாத செடி என்றால் அடுப்பே இல்லாத வீடு. ஆனால் அந்த வீட்டில் பட்டினி இல்லை! பூக்கிறது, காய்க்கிறது, வம்சம் தழைக்கிறது. அப்படியென்றால் சாப்பாடு எங்கிருந்தோ வருகிறது என்றுதானே அர்த்தம்?

மெழுகில் வார்த்த பூ

முதலில் மானோட்ரோபா எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். வட அமெரிக்கக் காடுகளில் இதை நிறையப் பார்க்கலாம். ஜப்பானில் உண்டு, நம் இமயமலைச் சாரலிலும் உண்டு. மழை பெய்து ஓய்ந்த பிறகு, வெயில் எட்டிக்கூடப் பார்க்காத மர நிழலில், சருகைத் தள்ளிக்கொண்டு கொத்தாக மேலே வரும். பெரும்பாலும் ஒரு சாணுக்குள்தான் உயரம். தண்டு, தண்டில் ஒட்டியிருக்கும் செதில், பூ எல்லாமே வெள்ளை. சில சமயம் லேசாக ரோஜா நிறம் ஓடும். தொட்டால் மெழுகு மாதிரி இருக்கும். ஒவ்வொரு தண்டின் நுனியிலும் ஒரே ஒரு பூ, தலையைக் குனிந்தபடி. பார்ப்பதற்குப் புகைபிடிக்கும் குழாயைக் கவிழ்த்து நட்ட மாதிரி இருப்பதால், 'பேய்க்குழாய்' என்று அர்த்தம் வரும்படி அந்த ஊர் ஜனங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். காய் பிடித்ததும் குனிந்த தலை மெல்ல மெல்ல நிமிர்ந்துவிடும். நம் வீட்டுப் பெண்கள் முதல் குழந்தைக்குப் பிறகு புகுந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடப்பார்களே, அது மாதிரி!

அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனுக்கு இந்தப் பூவின் மேல் தனிப் பிரியம். அவர் மறைந்த பிறகு 1890-இல் வெளியான அவருடைய முதல் கவிதைத் தொகுதியின் அட்டையில் இதே பூவைத்தான் போட்டார்கள். வரைந்தவர், தொகுப்பாசிரியர்களில் ஒருவரான மேபல் லூமிஸ் டாட்.

இன்னொரு வேடிக்கை. ஊட்டிப் பக்கம் போனவர்கள் காட்டுப் பூவரசு என்று செக்கச் செவேலெனப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். மானோட்ரோபாவும் அதே குடும்பம்தான்! பச்சைப் பசேலென்ற வம்சத்தில் பிறந்துவிட்டு, காலப்போக்கில் சொந்த அடுப்பை அணைத்துவிட்ட செடி இது.

மட்குண்ணியா?

சருகும் மக்குமாக இருக்கும் இடத்தில் முளைக்கிறது, ஆகவே மக்கைத் தின்றுதான் வளர்கிறது என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள். 'மட்குண்ணி' என்ற பட்டம் அப்படி வந்ததுதான். ஆனால் சருகைக் கரைத்துச் சாப்பிடும் சாமர்த்தியம் எந்தச் செடிக்கும் கிடையாது. அது காளானின் வேலை.

காளான் என்றதும் மழை விட்டதும் முளைக்கிற குடை உங்கள் கண்முன் வரும். ஊறுகாய் ஜாடியின் மேல் வெள்ளையாகப் படர்கிறதே பூசணம், அதுவும் அதே குலம்தான். குடை என்பது காளானின் பூ, காய் மாதிரி. அதன் உடம்பு முழுக்க மண்ணுக்குள் இருக்கிறது, தலைமுடியைவிட மெல்லிய நூல் நூலாக. ஈரச் சருகைப் புரட்டினால் அடியில் வெள்ளை வலை மாதிரி தெரியுமே, அதுதான்.

இந்தக் காளான் நூல்கள் காட்டு மரங்களின் வேரோடு ஒண்டுக்குடித்தனம் நடத்துகின்றன. வேர் நுழைய முடியாத சந்து பொந்தெல்லாம் நூல் நுழைந்து, தண்ணீரும் மண்ணின் சத்தும் சேகரித்து மரத்துக்குக் கொடுக்கும். பதிலுக்கு மரம், தான் வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைக் காளானுக்குக் கொடுக்கும். கொடுத்து வாங்குகிற நல்ல உறவு. மானோட்ரோபா இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது! மரத்திடமிருந்து காளானுக்குப் போன சர்க்கரையைக் காளானிடமிருந்து தான் வாங்கிக்கொள்கிறது.

இதை முதலில் ஊகித்தவர் போலந்து நாட்டுத் தாவரவியல் அறிஞர் ஃபிரான்ஸிஷெக் காமியென்ஸ்கி. 1881, 1882-ஆம் வருஷங்களில் அவர் மானோட்ரோபாவின் வேர்களைத் தோண்டி எடுத்துப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்தார். வேர் முழுவதும் காளான் நூல் போர்வை மாதிரி சுற்றியிருந்தது. பக்கத்து மரத்தின் வேரில் நேராகப் பல்லைப் பதித்து உறிஞ்சும் சங்கதி எதுவும் இல்லை. ஆகவே சாப்பாடு காளான் வழியாகத்தான் வர வேண்டும் என்றார்.

நிரூபிக்க 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஸ்வீடனில் எரிக் பியோர்க்மன் என்ற விஞ்ஞானி, கதிரியக்கக் கரி கலந்த சர்க்கரைக் கரைசலை ஊசி மூலம் ஊசியிலை மரங்களுக்குள் செலுத்தினார். கதிரியக்கம் இருந்தால் அந்தச் சர்க்கரை எங்கே போனாலும் கருவி காட்டிக்கொடுத்துவிடும். பக்கத்தில் வளர்ந்த மஞ்சள் மானோட்ரோபாவைச் சோதித்தால், மரத்துக்குப் போட்ட ஊசி செடியில் தெரிகிறது!

ஆகவே, மகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: "மக்கிப் போனதை அது தின்கிறதில்லைடி கண்ணு. மரம் சமைக்கிறது, காளான் பரிமாறுகிறது, இது சாப்பிடுகிறது." பரீட்சையில் என்ன எழுதுவது என்பதை டீச்சரிடம் கேட்டுக்கொள்ளட்டும்!

காளானுக்கு இந்தச் செடி பதிலுக்கு ஏதாவது தருவதாக இதுவரை நிரூபணம் இல்லை. அதனால் 'ஏமாற்றுக்காரச் செடி' என்றே சிலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அந்த வசை அதிகம் என்று தோன்றுகிறது. ஒரு பெரிய கூட்டுக் குடும்பத்தில் ஒரு பிடி சோறு கூடுதலாக வடித்தால் யாருக்கும் குறைந்துவிடுவதில்லை. ஆனால் குடும்பம் பெரிதாக, நன்றாக இருக்க வேண்டும். அது உடைந்தால் முதலில் பட்டினி கிடக்கப்போவது இதுதான்.

செவிலித்தாய்ப் பால்

இப்படி அடுப்பை முழுக்கத் துறந்த செடியினங்கள் உலகத்தில் 500-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் கணிசமானவை ஆர்க்கிட் பூக்களின் குடும்பம். தாய்மார்கள் இந்தக் கதையைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

தென்னையைப் பாருங்கள். முளைக்கிற பிள்ளைக்கு மாதக்கணக்கில் தாங்கும்படி பருப்பும் தண்ணீரும் கட்டிக் கொடுத்து அனுப்புகிறது. அவரைக்கொட்டை கூட இரண்டு பருப்பில் சாப்பாடு வைத்துத்தான் குழந்தையை வெளியே விடுகிறது. ஆர்க்கிட்டோ, ஒரே காயில் ஆயிரக்கணக்கில், சில வகைகளில் லட்சக்கணக்கில், முகப் பவுடர் மாதிரி விதைகளைத் தூவிவிடுகிறது. ஒன்றின் கையிலும் கட்டுச்சோறு கிடையாது! விழுந்த இடத்தில் பொருத்தமான காளான் நூல் வந்து தொட்டால்தான் அந்தக் குழந்தைக்கு உயிர். அதுதான் அதற்குச் செவிலித்தாய். மற்றவை அத்தனையும் வீண்.

இதைக் கண்டுபிடித்தவர் பிரான்ஸ் தேசத்து இளைஞர் நோயல் பெர்னார். 1899-இல், தமது 25-ஆம் வயதில், பாரிஸுக்குத் தெற்கே ஃபோந்தேன்ப்ளோ காட்டில், சருகுக்குள் புதைந்து கிடந்த 'பறவைக்கூடு ஆர்க்கிட்' என்ற செடியின் காயில் விதைகள் முளைவிட்டிருப்பதைப் பார்த்தார். ஒவ்வொரு முளைக்குள்ளும் காளான் நூல்! பெரும்பாலான ஆர்க்கிட்டுகள் கொஞ்சம் வளர்ந்ததும் பச்சை இலை விட்டுச் சொந்தமாகச் சமைக்கக் கற்றுக்கொள்கின்றன. பறவைக்கூடு ஆர்க்கிட்டோ பழுப்பு நிறத்திலேயே வளர்ந்து, ஆயுள் முழுக்கச் செவிலித்தாய் மடியை விட்டு இறங்குவதே இல்லை. பாவம், பெர்னார் 1911-இல் காசநோயால் 36 வயதிலேயே போய்விட்டார்.

பிறகு 1922-இல் அமெரிக்காவில் லூயிஸ் நட்ஸன் என்பவர், 'காளான் தருவது சர்க்கரைதானே, அதை நாமே கொடுத்தால் என்ன?' என்று யோசித்தார். நாம் பாலில் போட்டுக் காய்ச்சி இனிப்பு செய்கிற அதே சைனா கிராஸில் சர்க்கரையும் உப்புச் சத்துகளும் சேர்த்து, அதன் மேல் ஆர்க்கிட் விதையைத் தூவினார். முளைத்துவிட்டது! புட்டிப்பால் பிள்ளைகள்! இன்று கல்யாண மேடைகளில் தோரணமாகத் தொங்கும் ஆர்க்கிட் பூக்களும், தொட்டியில் வைத்து விற்கும் செடிகளும் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்கு இந்தப் புட்டிப்பால் வழிதான் அஸ்திவாரம்.

ஒரு பெண் கண்ட செடி

ஆனால் காட்டில் எல்லாச் செடிக்கும் நாம் புட்டிப்பால் கொடுத்துவிட முடியாது. இதற்கு ஒரு சோகக் கதை இருக்கிறது.

1912-ஆம் வருஷம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நார்மா ஃபைஃபர் என்ற பெண் தாவரவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.  நகரத்தின் ஓரத்தில், கலுமெட் ஏரிக்குப் பக்கத்தில் இருந்த ஈரமான புல்வெளியில் அவர் கண்ணில் ஒரு துளியூண்டு வெள்ளைப் பூ பட்டது. தரைக்கு மேல் தெரிந்தது சுண்டு விரல் நகத்தளவுதான். இலை இல்லை, பச்சை இலை இருந்த சுவடும் இல்லை. உலகத்துக்கே புதிய செடி அது! அதற்குத் 'திஸ்மியா அமெரிக்கானா' என்று பெயர் வைத்தார். அதன் சொந்தக்காரச் செடிகள் எல்லாம் ஆசியா, ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து, தென் அமெரிக்கா என்று எங்கெங்கோ தூர தேசத்தில். இது மட்டும் சிகாகோவில் எப்படி வந்து தனியாகக் குடியிருந்தது என்பது இன்றைக்கும் விளங்காத புதிர்.

1916-க்குப் பிறகு அந்தச் செடியை யாரும் பார்க்கவில்லை. அந்த இடம் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டது. 1991-இலும் அதற்குப் பிறகும் ஆர்வலர்கள் கூட்டம் கூட்டமாகப் போய், மிச்சமிருந்த புல்வெளிகளில் மண்டியிட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. நார்மா ஆராய்ச்சிக்காகப் பாடம் செய்து வைத்த செடிகள் மட்டுமே இன்று சாட்சி.

இதற்கு நேர்மாறாக நம் பக்கத்துக் கதை ஒன்று மனசுக்கு ஆறுதல். பொள்ளாச்சியிலிருந்து டாப்ஸ்லிப் வழியாகப் போனால் பரம்பிக்குளம் காடு வருகிறதல்லவா? அங்கே இதே திஸ்மியா வகையறாவில், இலையில்லாத செடி ஒன்று கிடைத்து, 1952-இல் அதற்கு 'ஹாப்லோதிஸ்மியா' என்று பெயரிட்டார்கள். அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்றுதான். பிறகு பல பத்தாண்டுகள் பேச்சு மூச்சில்லை. போய்விட்டது என்றே நினைத்தார்கள். கேரளத்துத் தாவரவியலாளர்கள் அதே பரம்பிக்குளத்தில் அதை மறுபடியும் கண்டுபிடித்து, 2000-ஆம் வருஷம் பதிவு செய்தார்கள். காடு கலையாமல் இருந்தது, செடியும் இருந்தது. சிகாகோவில் புல்வெளி போயிற்று, செடியும் போயிற்று. வித்தியாசம் அவ்வளவுதான்.

மருந்தென்று பறிக்கலாமா?

உடல்நலப் பக்கத்தில் எழுதுகிறவள் இதைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டில் பேய்க்குழாயின் வேரைப் பொடித்துக் குழந்தைகளின் வலிப்புக்குக் கொடுத்தார்கள். 'வலிப்பு வேர்' என்றே ஒரு பெயர் உண்டு. இப்போது அங்கே மறுபடியும் மோகம் கிளம்பி, இதைச் சாராயத்தில் ஊறவைத்து வலி நிவாரணி என்று விற்கிறார்கள். ஆனால் மனிதர்களிடம் முறையாகச் சோதித்து, இது பலன் தரும், ஆபத்தில்லாதது என்று காட்டிய ஆதாரம் கிடையாது. உயிருள்ள மரமும் அதற்கே உரிய காளானும் சேர்ந்தால்தான் பிழைக்கும் என்பதால், தோட்டத்தில் பயிர் செய்யவும் வழியில்லை. விற்பதெல்லாம் காட்டிலிருந்து பறித்ததுதான்.

சீனாவில் 'தியென்மா' என்ற இலையில்லாத ஆர்க்கிட்டின் கிழங்கைத் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். இதற்குப் படியளப்பது, மரத்தையே கொல்லக்கூடிய ஆர்மிலேரியா என்ற காளான் என்று 1911-இல் ஜப்பானிய விஞ்ஞானி குசானோ கண்டறிந்தார். அந்தக் காளான் வெட்டிய மரக்கட்டையிலும் வளரும். ஆகவே கட்டையைப் புதைத்து, காளானை ஏற்றி, கிழங்கைப் பயிர் செய்யச் சீனர்கள் கற்றுக்கொண்டார்கள். உறவைப் புரிந்துகொண்டதால் காட்டைச் சுரண்டாமல் வயலில் விளைவிக்க முடிந்தது. நாமாக அதை வாங்கிச் சாப்பிடலாம் என்று இதற்கு அர்த்தமில்லை!

குழந்தைக்கு வலிப்பு வந்தால் வேரும் பொடியும் தேடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

இதெல்லாம் எங்கோ காட்டுச் சமாசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் வீட்டு மல்லிகை, எலுமிச்சை வேர்களிலும் இந்த மாதிரிக் காளான் குடித்தனம் உண்டு. நிலத்தில் வளரும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்டு. 'வேர் உட்பூசணம்' என்ற பெயரில் விவசாய இலாகாக்காரர்கள் உரமாகவே கொடுக்கிறார்களே, அது இந்த இனம்தான். திஸ்மியா செடிகளுக்குப் படியளப்பதும் இதே வகைக் காளான்தான்!

அதனால் செடியின் அடிமண்ணை அடிக்கடி கொத்திக் கிளறாதீர்கள். நூலெல்லாம் அறுந்து போகும். மணிச்சத்து உரத்தை, ஆசைக்கு இன்னொரு பிடி என்று அள்ளிப் போடாதீர்கள். அது மிஞ்சினால் செடி காளானோடு உறவைக் குறைத்துக்கொள்ளும். விழுந்த இலையைக் கூட்டிக் கொளுத்தாமல் வேரடியிலேயே பரப்பி வையுங்கள். ஈரம் காக்கும், மக்கி உரமாகும்.

மே மாத லீவில் பிள்ளைகளோடு மலைக்குப் போகிறீர்களா? காட்டில் இலையில்லாமல், வெளிறிப் போய், விசித்திரமாக ஏதாவது தலைகாட்டினால் உட்கார்ந்து ஆசை தீரப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுக்கட்டும். பறிக்க மட்டும் விடாதீர்கள். மானோட்ரோபாவைப் பறித்தால் கொஞ்ச நேரத்தில் கறுத்துப் போய்விடும். மண்ணோடு பெயர்த்து வந்து தொட்டியில் வைத்தாலும் பிழைக்காது. நம் கைக்கு வருவது பூ மட்டும்தான். அதற்குச் சமைத்துப் போட்ட மரமும், பரிமாறிய காளானும் காட்டிலேயே நின்றுவிடும்.